மூத்தவனுக்குத்தான் முதலில்

— இது உன்னோடதுதானே?

— எது?

— கண்ணாடி துடைக்கிற துணி. மஞ்சள் ஓரம் வச்சது.

— என்னோடது மாதிரிதான் இருக்கு... எங்க கிடைச்சுது, அண்ணே?

— என் கோட்டுப் பையில.

— எந்தக் கோட்டு?

— இஸ்திரி பிரஸ்ல நிக்கும்போது போடுவேனே, நீலக் கோட்டு. மூணு மாசமா ஆணியிலயே தொங்கிக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குத் துவைக்கப் போடலாம்னு பையைத் தடவிப் பார்த்தா உள்ள இது.

— சலவைக் கடையில முந்நூறு உருப்படி கிடக்கு. ஒரு துணி இன்னொரு துணிக்குள்ள போறது ஒரு அதிசயமா?

— மத்தவங்க துணி போகும். உன் கண்ணாடித் துணி உன் சட்டைப் பையை விட்டு நகராது. குளிக்கப் போகும்போதே அதை எடுத்துக்கிட்டுப் போறவன் நீ.

— சரி, கை மறதியா வச்சிருப்பேன். விடு. இந்த பெட்ஷீட்டைப் பிடி முதல்ல. நாலு மணிக்கு ஹோட்டல் வண்டி வந்துடும், நூத்தி இருபது மடிக்கணும்.

— பிடிச்சுட்டேன். இழு.

— இன்னும் இறுக்கமா... ம். இப்ப வா. மூலையைக் குடு.

— குடுக்கறேன். இவ்வளவு கிட்ட நிக்கிறோம்ல, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. என் கோட்டை நீ போட்டியா?

— உன் கோட்டை நான் எதுக்குப் போடணும்? எனக்கு அது தொளதொளன்னு இருக்கும்.

— தொளதொளன்னு இருக்கும்னு போட்டுப் பார்க்காமலே தெரிஞ்சுடுச்சா?

— கண்ணு இருக்குல்ல. பார்த்தா தெரியாதா?

— கழுத்துப் பட்டன் வேற போட்டிருந்துச்சு. என் கல்யாணத்தன்னைக்கே நான் கழுத்துப் பட்டன் போட்டதில்லடா. இந்த வீட்டுல தொண்டை வரைக்கும் பூட்டிக்கிட்டுத் திரியறவன் நீ ஒருத்தன்தான்.

— அண்ணி போட்டிருப்பாங்க, ஆணியில மாட்டும்போது.

— உங்க அண்ணியா? கல்யாணமான மறுநாளே சொல்லிட்டாளே, சலவைக்கடைக்காரனைக் கட்டிக்கிட்டவ வீட்டுல துணியைத் தொடமாட்டான்னு. பன்னெண்டு வருஷமா அந்த வாக்கை மட்டும் காப்பாத்திக்கிட்டு வர்றா.

— அடுத்த ஷீட்.

— இந்தா. அந்தக் கோட்டு எந்த நாள்ல இருந்து தொங்குதுன்னு கேளேன்.

— நீயே சொல்லு.

— அப்பாவை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோமே, அந்த நாள்ல இருந்து.

— மூலையைக் குடு, மடிக்கணும்ல.

— மடிக்கிற லட்சணத்தைப் பாரு. ஓரம் நாலு விரக்கடை வெளிய நிக்குது. இன்னொண்ணு கேக்கறேன். அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல உன் வலது கையில ஈரத்துணி சுத்தியிருந்தே. என்னன்னு கேட்டதுக்கு, பிரஸ்ல சுட்டுக்கிட்டேன்னு சொன்னே.

— சுட்டுச்சு. சொன்னேன்.

— அன்னைக்குக் கடையே திறக்கல. பாய்லர் சில்லுன்னு கிடந்துச்சு. எதுல சுட்டுக்கிட்டே?

— நீ என்ன, போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா?

— கவுன்ட்டர்ல சீட்டு எழுதறவன் கையில சுட்ட காயம் எப்படி வந்துச்சுன்னு கேக்கறதுக்குப் போலீஸ் எதுக்கு? என் கையைப் பாரு, மணிக்கட்டு வரைக்கும் தழும்பு. அப்பா கண்ணு போனதுக்கு அப்புறம் இந்தத் தழும்பைத் தடவித்தான் பெரியவன்னு கண்டுபிடிப்பாரு. கட்டு போட்டிருந்தா தடவ முடியாது, இல்ல?

— நேரா கேளு அண்ணே. சுத்தி வளைக்காதே.

— சின்ன வயசுல நாம ஒரு விளையாட்டு விளையாடுவோமே, ஞாபகம் இருக்கா? வேதாகமத்துல இருந்து அப்பா படிச்சுக் காட்டுற கதை. கண்ணு மங்கின அப்பன் மூத்தவனை ஆசீர்வாதம் பண்ணக் கூப்பிடுவாரு. மூத்தவன் வேட்டைக்குப் போயிருப்பான். சின்னவன் அண்ணன் துணியை மாட்டிக்கிட்டு, கையில ஆட்டுத்தோலைச் சுத்திக்கிட்டு...

— நீ ஏசா, நான் யாக்கோபு. ஆட்டுத்தோல் இல்லைன்னு டாக்டரம்மா சலவைக்குப் போட்ட ரோமக் கோட்டை எடுத்துப் போர்த்திக்கிட்டேன். அதுல ஜாம் கொட்டி, அப்பா என்னை வெளுத்து வாங்கினாரு.

— என்னையும்தான் வெளுத்தாரு. மூத்தவன் தடுக்கலையாம்.

— அந்த அடியில உனக்கு ரெண்டு பங்கு விழுந்துச்சு. சேஷ்டபுத்திரபாகம், மூத்த பிள்ளையோட பங்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

— இப்ப எனக்குச் சிரிப்பு வரலடா. அன்னைக்குக் காலையில அப்பா ரூமுக்குள்ள நானா போனது யாரு?

— இரு, போன்... ஹலோ. ஆமா சார், மடிச்சுக்கிட்டே இருக்கோம். நாலு மணிக்கு வண்டி அனுப்புங்க. தலையணை உறை நாளைக்கு. சரி சார்... ம், என்ன கேட்டே?

— கேட்டது காதுல விழுந்துச்சு. உன் காதே செவந்து போயிருக்கு.

— சரி. இப்ப நான் கேக்கறேன். அன்னைக்குக் காலையில நீ எங்க இருந்தே?

— பாய்லர் மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். அப்பவே சொன்னேனே.

— மெக்கானிக் அந்த வாரம் பூரா மாமியார் ஊர்ல இருந்தாரு. போன மாசம் வந்தப்ப அவரே சொன்னாரு. நான்தான் வாயை மூடிக்கிட்டேன்.

— வீட்டுல ஆள் இல்லைன்னு அங்க போனதுக்கு அப்புறம்தானே தெரியும்.

— போயிட்டு வர எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம். ஏழு மணிக்குப் போன ஆளு, ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது மூச்சு வாங்க ஓடி வர்றே. பத்து மணிக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பணும், அதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ஆசீர்வாத வாக்கு சொல்லணும்னு அப்பா ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருந்தாரு. உனக்குத் தெரியாததா?

— தெரியும்.

— நம்ம குடும்பத்து வழக்கம் என்ன? தாத்தா காலத்துல இருந்து, கதவைச் சாத்திக்கிட்டு, மடியில வேதத்தை வச்சுக்கிட்டு, தலையில கை வச்சுச் சொல்வாங்க. ஒருத்தருக்குச் சொன்னது அடுத்தவங்களுக்குத் தெரியக் கூடாது. மூத்தவனுக்குத்தான் முதல்ல. மூத்தவன் வாங்காம அடுத்தவனுக்குக் கிடையாது.

— எனக்கே பாடம் எடுக்காதே... அப்பா சுவத்தைத் தட்டுறாரு.

— எத்தனை தட்டு?

— கவனிக்கல. தண்ணியா இருக்கும். நீ போ.

— தண்ணிக்கு ஒரு தட்டு. இது மூணு. மூணு தட்டுன்னா யாரைன்னு உனக்குத் தெரியும்.

— ஸ்டீம் சத்தத்துல எனக்குக் கேக்கலைன்னு சொல்லிடு.

— மூணு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய் பேச முடியாம ஒரு மனுஷன் கரண்டியை வச்சுக்கிட்டு பெரியவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நீ அந்த ரூமுக்குள்ள காலே வைக்கல. ஏன் அண்ணே?

— போய்ப் பார்த்துட்டு வா. அப்புறம் பேசலாம்.

— ... பார்த்துட்டேன். தண்ணியைக் குடுத்தா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. என் கையைப் பிடிச்சுத் தடவிப் பார்த்துட்டு உதறி விட்டாரு. தழும்பைத் தேடறாரு.

— என்ன சொன்னாருடா எனக்கு?

— யாரு?

— அப்பா. அன்னைக்கு. நானா போய் உக்கார்ந்து வாங்கிக்கிட்டியே, என் வாக்கு. அது என்ன?

— அடுத்த ஷீட்டை எடு, அண்ணே.

— ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் எனக்குத் தெரியும். ஆபரேஷன் மேஜையிலயே வாதம் வந்து பேச்சு நின்னு போச்சு. அவரு இனிமே திரும்பச் சொல்லப் போறதில்ல. என்னோட வாக்கு உன் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதை மூணு மாசமா பூட்டி வச்சுக்கிட்டு, தினமும் என் எதிர்ல நின்னு பெட்ஷீட் மடிக்கிறே.

— அதை எடுத்துக்கணும்னு நான் போகல.

— அப்ப போனே.

— போனேன். ஒன்பது மணி ஆயிடுச்சு. 'பெரியவன் எங்க, பெரியவன் எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ வரல, போனையும் எடுக்கல. எனக்காவது சொல்லுங்கப்பான்னேன். 'முறை தப்பக் கூடாது'ங்கறாரு. நீ வராட்டி எனக்கும் கிடையாது. டாக்டர் வேற, பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னு சொல்லியிருக்காரு. ஆணியில உன் கோட்டு தொங்குச்சு...

— என் முறையை முடிச்சுட்டு உன் முறைக்கு வரலாம்னு கணக்குப் போட்டே.

— ஆமா... இல்ல, அது மட்டும் இல்ல. பொய் சொல்ல விரும்பல. மூத்தவனுக்கு அப்படி என்னதான் சொல்வாருன்னு ஒரு தடவை கேட்டுடணும்னு இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து எதுன்னாலும் முதல்ல உனக்கு. உன் சட்டை சின்னதாப் போனா எனக்கு. ஒரே ஒரு தடவை முதல்ல போய் உக்காரணும்னு தோணுச்சு. தப்புதான்.

— சொல்லு. என்ன சொன்னாரு?

— வேண்டாம் அண்ணே.

— ஏன்? அவ்வளவு நல்லா இருந்துச்சா, பங்கு குடுக்க மனசு வரலையா?

— வேண்டாம்னா விட்டுடு.

— கடை உனக்குன்னு சொன்னாரா? 'பெரியவன் உதவாதவன், எல்லாத்தையும் சின்னவன்கிட்ட விட்டுடு'ன்னாரா? நாலு நாளா அந்தப் பத்திரப் பெட்டியைத் துடைச்சு வச்சுக்கிட்டிருக்கியே, அதுக்குத்தானா?

— பெட்டியில கரையான் அண்ணே. வாய்க்கு வந்ததைப் பேசாதே.

— பின்ன என்ன மறைக்கறே? சொல்லேன்டா.

— சரி, கேட்டுக்கோ. முதல்ல என் கையைத் தடவினாரு. ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்து, 'மறுபடியும் சுட்டுக்கிட்டியா, அசடு'ன்னாரு. நான் உன்னை மாதிரி 'ம்'னு மட்டும் சொன்னேன். தலையில கை வச்சாரு. அப்புறம் 'பாட்டில் விஷயம் எனக்கு அன்னைக்கே தெரியும்'னாரு.

— எந்தப் பாட்டில்?

— துரு எடுக்கிற ஆசிட்டைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி, அவரு மூஞ்சி கழுவுற இடத்துல வச்சது நீ. மூடியைச் சரியா திருகாத ஆளு இந்தக் கடையில ஒருத்தன்தான்னாரு. ஒன்பது வருஷமா நாங்க எல்லாரும், அவரே கை தவறி எடுத்துட்டாருன்னு நெனச்சோம். நீயும் எங்ககூட உக்கார்ந்து அதையே சொன்னே.

— நீயா கட்டிவிட்ட கதை இல்லைன்னு என்ன நிச்சயம்?

— உன்னையும் அவரையும் தவிர யாருக்குத் தெரியும் அது? நீ பாட்டிலைக் கழுவி, நசுக்கி, குப்பையில போட்டது வரைக்கும் சொன்னாரு. கண்ணு எரிஞ்சுக்கிட்டு கிடந்தப்ப நசுக்கின சத்தம் கேட்டுச்சாம்.

— முழுசாச் சொல்லு. மிச்சம் வைக்காதே.

— 'ஒன்பது வருஷமா நீயா வந்து சொல்வேன்னு காத்துக்கிட்டிருந்தேன். கண்ணு போனதைவிட அதுதான் வலிச்சுது. கடை உனக்குத்தான், நீ மூத்தவன். ஆனா வாக்கு இப்ப இல்ல. என்கிட்ட வந்து உன் வாயால சொல்ற அன்னைக்குத் தர்றேன்.' அவ்வளவுதான். கையை எடுத்துட்டாரு.

— இதையா மூணு மாசமா...

— எப்படிச் சொல்ல? சொன்னா நான் உன் கோட்டைப் போட்டது வெளிய வரும். சொல்லாட்டி அவரு சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்காரு. நீ உள்ள போனா உனக்குக் குடுக்கறதுக்கு அங்க ஒண்ணு காத்துக்கிட்டு கிடக்கு, அது உனக்குத் தெரியல. எனக்கு மட்டும் தெரியும். தினமும் கழுத்து வரைக்கும் வந்து நிக்கும், முழுங்கிடுவேன்.

— நான் வேணும்னு வைக்கலடா. ஒரு கறை, துருக் கறை, சட்டென்னு எடுக்கணும்னு கையில கிடைச்ச பாட்டில்ல ஊத்தினேன். நிமிஷத்துல மறந்துட்டேன். அவரு கத்தினப்பதான்...

— வேணும்னு வச்சேன்னு அவரும் சொல்லல.

— அன்னைக்கு நான் எங்கயும் போகல. தெரு முனையில அந்த டயர் கடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். தலையில கை வச்சுட்டுப் பாட்டிலைப் பத்திக் கேப்பாருன்னு பயம். மடியில வேதப் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காரு, அந்த மனுஷன்கிட்ட போய் நான் என்னத்தைச் சொல்ல முடியும்?... ஷீட்டைப் பிடி, கீழ விழுது.

— விழட்டும். இப்ப என்ன சொன்னே?

— என்ன?

— புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுன்னு.

— ஆமா... கண்ணு தெரியாதவரு வேற எப்படிப் பிடிப்பாரு?

— மத்த நாள்ல நேராத்தான் பிடிப்பாரு. அட்டையில இருக்கிற கீறலைத் தடவிப் பார்த்து. அன்னைக்கு மட்டும் பதட்டத்துல தலைகீழா வச்சிருந்தாரு. நான் திருத்தல, நான் பெரியவன்ல அப்ப. அந்த ரூமைவிட்டு வெளிய வந்து யார்கிட்டயும் நான் இதைச் சொன்னதில்ல. ஆம்புலன்ஸ்காரங்க வர்றதுக்கு முன்னாடி புஸ்தகத்தைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினதும் நான்தான். நீ அதை எப்பப் பார்த்தே?

— அது... கதவு இடுக்குல...

— கதவுல இடுக்கே கிடையாது. நீயா போனது நான்தான்னும் உனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடித் துணி இன்னைக்குத்தானே கிடைச்சுது. மூணு மாசமா நீ என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசினதே இல்ல. துணி கிடைக்கிறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். அண்ணே, நான் வெளிய வந்ததும் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு, ஸ்ட்ரெச்சர் வர்றதுக்கு வாசல்ல இருந்த கூடையெல்லாம் ஒதுக்கப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து, நான் நானா, என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவரு பக்கத்துல போய் உக்கார்ந்தேன். என் முறைன்னு. 'இன்னும் என்னடா உக்கார்ந்திருக்கே, கிளம்பலாம்'னாரு. அவ்வளவுதான். எனக்கு ஒரு வார்த்தை இல்ல.

— தெரியும்.

— என்ன தெரியும்? நான் என்ன நெனச்சேன்னு தெரியுமா? கண்டுபிடிச்சுட்டாரு, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆக்கிட்டாருன்னு நெனச்சேன். இந்த மூணு மாசம் அவரைக் குளிப்பாட்டும்போது, ஊட்டிவிடும்போது, ஒவ்வொரு தடவையும்... அந்தப் பத்து நிமிஷத்துல உள்ள யாரு இருந்தா அண்ணே?

— பின்வாசல் வழியா வந்தேன். சொல்லிடணும்னுதான்டா வந்தேன், சத்தியமா. கதவைத் திறந்ததும் அவரு தலையைத் தூக்கி, 'சின்னவனா? அண்ணன் இப்பத்தான் வாங்கிட்டுப் போனான், வா, உக்காரு'ன்னாரு. மூத்தவன் முதல்ல வந்துட்டான்னா ரெண்டாவது வர்றது நீதானே, அவருக்கு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது, யாரோ நானா வந்துட்டுப் போயிருக்கான்னு. 'இல்லப்பா, நான் பெரியவன்'னு சொல்ல வாயைத் திறந்தேன். 'ஆமாப்பா'ன்னு வந்துச்சு. தழும்பு கையில படாம, கையைப் பின்னால கட்டிக்கிட்டு உக்கார்ந்தேன்.

— அப்ப எனக்குச் சொன்னது... உன்கிட்ட இருக்கு.

— இருக்கு.

— மூணு மாசமா.

— என்னால குடுக்க முடியலடா. பொறாமைன்னு வச்சுக்கோ. பயம்னு வச்சுக்கோ. என்னோடதை நீ திருடிட்டேங்கற கோபத்துலயே அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டேன். இன்னைக்கு அந்தத் துணி கைக்கு வந்ததும் உன்னை மடக்கிடலாம்னு பார்த்தேன்.

— என்ன சொன்னாரு எனக்கு?

— சொல்லிட்டு நான் உள்ள போறேன். பாட்டிலைப் பத்திச் சொல்லணும். நீயும் கூட வரணும், தனியா என்னால முடியாது.

— வர்றேன். முதல்ல சொல்லு.

— தலையைக் குனி. அவரு வச்ச மாதிரியே கை வச்சுச் சொல்றேன், அப்பதான் உனக்குச் சேரும்... 'சின்னவனே, உன்னை எப்பவும் ரெண்டாவதாக் கூப்பிட்டேன்னு மனசுல வச்சுக்காதே. அது முறைக்காக. எனக்குக் கண்ணு போனதுல இருந்து காலையில உன் செருப்புச் சத்தம் கேட்டாத்தான்டா எனக்கு விடியும். நீ நல்லா இருப்பே. உன் பிள்ளைங்க நல்லா இருக்கும். உன்னை மாதிரி ஒருத்தனைப் பெத்ததுதான் நான் செஞ்ச நல்ல காரியம்.' அப்புறம் கையை எடுக்காமலே, குரலைத் தாழ்த்திக்கிட்டு, 'இதை உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதேடா, அவன் தாங்க மாட்டான்'னாரு.